மண் ஏன் கூடையில் மலையேறுகிறது

கற்களைத் தவிர மற்ற எல்லாமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சு தேசத்தின் பர்கண்டிப் பக்கம், சோன் ஆற்றுச் சமவெளிக்கு மேலே, தென்கிழக்கு பார்த்த ஒரு மலைச்சரிவு இருந்தது. சரிவின் மேல் ஒரு முழ ஆழத்துக்குச் செம்பழுப்பு மண். அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மலையின் உச்சி விளிம்பில் குட்டை ஓக் மரங்களும் முட்புதர்களும் அடர்ந்து கிடந்தன.

அந்நாளில் மண் எங்கும் ஓடிப் போகாது. மழை பெய்தால் தண்ணீர் மட்டும் கீழே இறங்கும். மண் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சமவெளியில் இருந்த கரிய மண் வாயாடி. யார் வந்து ஏர் பூட்டினாலும் அவரோடு நாள் முழுக்கப் பேசும். சரிவு மண் அப்படியில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும். அதையும் ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டுச் சொல்லும். குளிர் ஏற ஏற அந்த இடைவெளியும் நீளும்.

திராட்சைக்கொடி அப்போது வெறும் காட்டுக்கொடி. மலையடிவாரத்து இருட்டுக் காட்டில் ஓக் மரங்களைப் பற்றி ஏறித் திரிந்தது. அதன் வேர் விரல் ஆழம்கூடப் போனதில்லை. காட்டின் உதிர்ந்த இலைகளே அதற்குப் போதுமாக இருந்தன. ஆனால் மரங்களின் நிழலில் அதன் காய் ஒரு வருடமும் முழுசாகப் பழுத்ததில்லை. புளிப்போடு உதிர்ந்துவிடும்.

ஒரு வசந்தத்தில் ஆறு கரை புரண்டு சமவெளியில் பாதி வயல்களைக் கொண்டுபோனது. வயல் போனவர்களில் தியெபோ என்பவனும் அவன் மனைவி ஒதெத்தும் இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓர் ஆடு, ஒரு கோடாரி, ஒரு மண்வெட்டி, அரை மூட்டை கம்பு. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு வேறு போக்கிடம் இல்லாமல் மலை ஏறினார்கள்.

தியெபோ ஆட்டைத் தண்ணீர் காட்டி மேய்த்து வர ஓட்டிப் போயிருந்தான். ஒதெத் சரிவில் உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

"தாயே, நாங்க இங்க தங்கலாமா?"

கொஞ்ச நேரம் கழித்து மண் சொன்னது. "தங்கலாம். ஆனா என்கிட்ட ஒண்ணும் இல்லை. கோதுமை கேட்டா என்னால முடியாது. நான் ஒரு முழம்தான் இருக்கேன்."

"வேற என்ன விளையும்?"

"கீழே காட்டுல ஒரு கொடி இருக்கு. வெயில் இல்லாமத் தவிக்குது. என்கிட்ட இருக்கிறது வெயில் ஒண்ணுதான். அதைக் கேட்டுப் பாரு."

ஒதெத் காட்டுக்குள் போய்க் கொடியைக் கேட்டாள். கொடி படபடவென்று பேசும் சுபாவம் கொண்டது.

"வெயிலா? எவ்வளவு வெயில்? காலையிலயா, சாயங்காலமா? அங்க நான் பிடிச்சு ஏற மரம் இருக்கா? நிக்க முடியலைன்னா என்ன பண்றது?"

"விடிஞ்சதுலேர்ந்து வெயில். சாயங்காலம் கல்லெல்லாம் சூடா இருக்கும். மரம் இல்லை, நான் குச்சி நட்டுத் தர்றேன்."

"அந்த மண்ணு எனக்குச் சோறு போடுமா?"

"கொஞ்சமாத்தான் போடுமாம்."

கொடி யோசித்தது. "சரி. பழுத்தா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. ஒரு தடவை பழுத்துப் பார்க்கணும்" என்றது.

ஒதெத் கொடியின் துண்டுகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து நட்டாள். நட்டு முடித்ததும் மண் அவளைக் கூப்பிட்டது.

"ஒதெத், எனக்கும் ஒண்ணு வேணும். மேலே விளிம்புல நிக்கிற மரமும் புதரும் என் தலையில இருக்கிற முடி மாதிரி. மலைக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து வர்ற மழையை அதுங்கதான் தடுத்து, மெதுவா இறக்கி விடுதுங்க. அதனாலதான் நான் நிக்கிறேன். உங்களுக்கு விறகு வேணும், தெரியும். எதை எடுக்கலாம்னு நான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு எடுங்க. கேக்காம எடுக்கக் கூடாது."

ஒதெத் இரண்டு கைகளையும் மண்ணில் பதித்தாள். "எனக்காகவும் என் வீட்டுக்காரருக்காகவும் சொல்றேன். கேக்காம எடுக்க மாட்டோம்."

சாயங்காலம் ஆட்டோடு திரும்பி வந்த தியெபோவிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஆட்டின் காலில் முள் குத்தியிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டே தலையாட்டினான்.

கல்லை அடுக்கி ஒரு சின்ன வீடு கட்டினார்கள். கொடிகளுக்கு நடுவே கம்பை விதைத்து, அதையும் ஆட்டுப்பாலையும் வைத்து மூன்று வருடம் ஓட்டினார்கள். நான்காம் வருட இலையுதிர் காலத்தில் முதல் பழம் வந்தது. குலைகள் சிறியவை, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு பழத்தை வாயில் போட்ட தியெபோ உடனே இன்னொன்றுக்குக் கை நீட்டினான். ஒதெத் சிரித்தாள். கொடிதான் எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது. "இதுவா நான்? இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பழத்தை மிதித்து ஒயின் வைத்தார்கள். சமவெளிக்காரர்கள் மேலே ஏறி வந்து, கம்பளித் துணியும் பாலாடைக்கட்டியும் கொடுத்துவிட்டு ஒயின் வாங்கிப் போனார்கள். கீழே கரிய மண்ணில் சிலர் கொடி நட்டுப் பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு இலை தழைத்தது. பழம் பெரிதாகத்தான் இருந்தது, வெறும் தண்ணீர். "அந்தச் சரிவுல என்னமோ இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், குளிர் வருவதற்கு முன்னால் ஒதெத் மண்ணைக் கேட்பாள். மண் சொல்லும். "வடக்குப் பக்கம் கவட்டை மரம் ஒண்ணு இருக்கு. உள்ளே பொந்தாயிடுச்சு, ஆந்தையும் போயிடுச்சு. அதை எடுத்துக்கோ." இன்னொரு வருடம், "முட்புதர்ல பாதியைக் கழிச்சு விடு, அதுக்கும் நல்லது" என்றது. அவள் சொல்வாள், தியெபோ வெட்டுவான். ஒரு வருடமும் விறகு குறைந்ததில்லை.

ஆறாம் வருடம் ஒதெத் கர்ப்பமானாள். இலையுதிர் காலத்தில் வயிறு பெரிதாகிக் குனிய முடியவில்லை.

"நீங்க போய்க் கேளுங்க. குளிர் வர்றதுக்குள்ள கேட்டுடணும்" என்றாள்.

"நாளைக்குக் கேக்கிறேன்" என்றான் தியெபோ.

அந்த வருடம் பழம் பழுக்கத் தாமதமானது. ஒருத்தனாகவே அவன் அத்தனை குலையையும் அறுத்தான், சுமந்தான், மிதித்தான். சாயங்காலம் வந்து விழுந்தால் எழுந்திருக்க முடியாது. அவள் மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். மூன்று தடவையும் நாளைக்கு என்றான். அவன் சோம்பேறியில்லை. குளிர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்தான்.

குளிர் அந்த மாதத்தைக் கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் சரிவு இரும்பாக இறுகியது. சமவெளிக்கு இறங்கும் பாதையில் இடுப்பளவு பனி. ஆட்டின் தாடியில் பனிக்கட்டி தொங்கியது. அந்தக் குளிரில் ஒதெத்துக்கு வலி எடுத்தது. இரண்டு நாள் வலித்துப் பெண் குழந்தை பிறந்தது. அதன் உதடு நீலமாக இருந்தது. ஒதெத்துக்கு ஜன்னி கண்டது. கண் திறந்திருந்தது; ஆனால் புருஷனை அடையாளம் தெரியவில்லை.

தியெபோ இருந்த விறகை எரித்தான். பிறகு பெஞ்சை எரித்தான். அடுத்த பருவத்துக்குச் சீவி வைத்திருந்த கொடிக்குச்சிகளை எரித்தான். தொட்டிலுக்கு என்று வைத்திருந்த பலகையை எரித்தான். அதற்குப் பிறகு வீட்டில் எரிக்க ஒன்றும் இல்லை. குழந்தையை அவள் மார்போடு சேர்த்து, பக்கத்தில் ஆட்டையும் படுக்க வைத்து, கோடாரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். நடுப்பகல். வெயில் அடித்தது, சூடு இல்லை.

அவன் வாக்கை மறக்கவில்லை. சரிவில் மண்டியிட்டு, பனியைக் கையால் விலக்கி, உறைந்த மண்ணில் கன்னத்தை வைத்தான்.

"தாயே, ஒதெத்தோட புருஷன் பேசறேன். விறகு வேணும். எதை எடுக்கட்டும்?"

பதில் இல்லை.

"பொண்ணு பிறந்திருக்கு. செத்துடும் போல இருக்கு. எதை எடுக்கட்டும், சொல்லு."

அவன் காது மரத்துப்போனது. வீட்டுக்குள் குழந்தை அழுவது கேட்டது. அழுகை நின்றது. மறுபடி தொடங்கவில்லை.

"சொல்லு!" என்று கத்தினான்.

அப்போது மிக ஆழத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பாதி உறைந்த வாயிலிருந்து வருவது போல.

"மே..."

தியெபோ தலையைத் தூக்கினான். மேலே பார்த்தான். மலை விளிம்பில் அத்தனை மரமும் நின்றது. மேலே என்கிறது, மேலே இருப்பதை எடுத்துக்கொள் என்கிறது. அப்படித்தான் அவனுக்குப் பட்டது. அப்படி இருக்க வேண்டும் என்று அவன் மனசு ஏற்கனவே முடிவு செய்திருந்தது. அவன் மிச்சச் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நெருப்பு எரிந்தது. குழந்தையின் உதடு சிவந்தது. மூன்றாம் நாள் ஒதெத் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அழுதான். குளிர் விடவில்லை, பதினெட்டு நாள் நின்றது. பதினெட்டு நாளும் அவன் மேலே ஏறினான். பச்சை மரம் சீக்கிரம் எரியாது, புகையும். அதனால் நிறைய வேண்டியிருந்தது. நெருப்பு நின்று எரிய வேண்டும் என்று அடிக்கட்டைகளையும் கோடாரியின் பின்பக்கத்தால் அடித்துப் பெயர்த்தான். உறைந்த வேர்கள் கண்ணாடி போல முறிந்தன. கடைசி நாள் அங்கே ஒரு புதரும் இல்லை.

குழந்தைக்கு அலிசோன் என்று பெயர் வைத்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டியது. ஒதெத் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். காலடியில் மண் இளகியது. இளக இளக அதன் பேச்சும் இளகியது.

"...ற்கே. மேற்கே... பட்டுப்போன மூணு மரம் நிக்குது. பெரிய மரம். காஞ்சு கிடக்கு, நல்லா எரியும். அதை எடுத்துக்கோ, தியெபோ. இந்தக் குளிருக்கு அது போதும். பத்தலைன்னா மறுபடி கேளு. குழந்தை எப்படி இருக்கு?"

ஒதெத் சிரித்தாள். "நல்லா இருக்கு தாயே, உனக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்று சொல்லிக்கொண்டே, அந்த மூன்று மரம் எங்கே என்று பார்க்கத் தலையைத் தூக்கினாள்.

மலை விளிம்பு வெறும் கோடாக இருந்தது. அதற்குப் பின்னால் வானம். மேற்கு முனையில் மட்டும் மூன்று பட்டமரங்கள். மற்றதெல்லாம் போய்விட்டது. அந்த மூன்றும் எட்டத்தில் இருந்ததால் அவன் அவற்றைத் தொடவே இல்லை.

தியெபோ ஆட்டுக்கொட்டிலிலிருந்து வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மேலேன்னு சொல்லுச்சு."

"மேற்கேன்னு சொல்லியிருக்கு. இப்பதான் சொல்லி முடிச்சது."

அவன் விளிம்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "குழந்தை அழறதை நிறுத்திடுச்சு, ஒதெத். நீ என்னையே அடையாளம் தெரியாமப் பார்த்துக்கிட்டு இருந்தே. நான் எவ்வளவு நேரம் அங்கே படுத்திருக்கணும்?"

"அது சொல்லி முடிக்கிற வரைக்கும்."

"முடிக்கறதுக்குள்ள நீ செத்திருந்தா?"

"முதல் நாள் வெட்டினது சரி. ரெண்டாம் நாள் கேட்டீங்களா? மூணாம் நாள்? பதினெட்டு நாள்ல ஒரு நாள் மறுபடி குனிஞ்சு கேட்டீங்களா?"

மறுபடி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று அவன் பயந்திருந்தான். அதைச் சொல்ல முடியாமல், "வாக்குக் கொடுத்தது நீ. நான் கொடுக்கலை" என்றான்.

அந்தச் சொல் அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. அதற்கப்புறம் யாராலும் அதை அங்கிருந்து எடுக்க முடியவில்லை.

மண்ணிடம் ஒதெத் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கட்டியது.

மழை மூன்று நாள் பெய்தது. முதல் நாள் மண் கேட்டது. "ஒதெத், என் தலைக்கு என்ன ஆச்சு? மழை நேரா வந்து விழுதே."

ஒதெத் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாம் நாள், "தண்ணி எனக்குக் கீழே புகுந்துடுச்சு. கல்லு வழுக்குது. மேலே யாருமே இல்லையா?" என்றது. ஒதெத் வெளியே ஓடினாள். மழையில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணை அழுத்திப் பிடித்தாள். தியெபோ கற்களைச் சுமந்து வந்து சரிவின் குறுக்கே அடுக்கினான். அடுக்கிய கல்லை எல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று.

"அவர் எடுத்துட்டாரு, தாயே. எல்லாத்தையும் எடுத்துட்டாரு" என்றாள் ஒதெத். அப்போதுதான் சொன்னாள்.

மண் அவள் கைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் வழுக்கியது. பிறகு, "நான் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அது பிடியை விட்டது. மேலிருந்து கீழ்வரை, ஒரு போர்வையை இழுத்தது போல, செம்பழுப்பு மண் முழுவதும் சமவெளிக்கு இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வெள்ளைக் கல்லின் மேல் கொடிகள் வேர் தெரியக் கிடந்தன. தியெபோ அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தக் குனிந்தான். கொடி அவனைப் பார்த்து, தன் வழக்கமான படபடப்பு இல்லாமல், நிதானமாகச் சொன்னது. "வெயில் தர்றேன்னு கூட்டிட்டு வந்தீங்க. இப்ப வேர் வரைக்கும் வெயில்."

"நான் தண்ணி ஊத்தறேன்."

"எத்தனை நாளைக்கு? என்னால காட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. பழுத்துப் பார்த்துட்டேன்." கொடி தன் மெல்லிய வேர் நுனிகளால் கல்லைத் தடவிப் பார்த்தது. "இந்தக் கல்லுல ஒரு வெடிப்பு இருக்கு. கல்லு பேசாது, அதுகிட்ட எதையும் கேட்டு வாங்க முடியாது. நானேதான் துளைச்சுப் போகணும். அதுக்கு மூச்சு நிறைய வேணும். இனிமே பேச்சுல செலவழிக்க என்கிட்ட மூச்சு இல்லை."

அதுதான் கொடி கடைசியாகப் பேசியது. பாதிக் கொடிகள் அந்தக் கோடையில் செத்தன. மற்றவை வெடிப்புக்குள் வேரை விட்டு, ஒரு முழம், இரண்டு முழம், பிறகு இரண்டு ஆள் ஆழம் என்று இருட்டில் இறங்கிப் போயின.

மழை நின்ற மறுநாள் ஒதெத் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சரிவின் அடிக்குப் போனாள். அங்கே சேறு மேடாகக் குவிந்திருந்தது. கொஞ்சம் செம்பழுப்பு, கொஞ்சம் கருப்பு. அவள் கூப்பிட்டாள். கரிய மண் முந்திக்கொண்டு, "வாங்க, வாங்க, இங்கேயே இருந்துடுங்க, கோதுமை தர்றேன்" என்றது. அவள் காத்திருந்தாள். இந்தத் தடவை எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பது என்று உட்கார்ந்தாள். குழந்தை பசித்து அழுதது, பால் கொடுத்தாள். நிழல் திரும்பிய பிறகு அந்தக் குரல் வந்தது.

"என்ன வேணும்?"

"மேலே வா, தாயே."

"என்னால ஏற முடியாது. நான் இறங்கறதுக்கு மட்டும்தான் இப்ப பழகியிருக்கேன்."

"நான் தூக்கிட்டுப் போறேன்."

"தூக்கிட்டுப் போனா வர்றேன். கொடி மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா ஒண்ணு. அங்கே நில்லுன்னு என்னைச் சொல்லாதே. நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மழை வந்தா போயிடுவேன்."

"மறுபடியும் தூக்கிட்டுப் போவேன்."

"அது உன் பாடு" என்றது மண். அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை. அதோடு கலந்துபோன கரிய மண்ணும் மெல்ல மெல்லப் பேச்சை விட்டது.

ஒதெத் ஆற்றங்கரை வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளை வளைத்து ஒரு முதுகுக் கூடை பின்னினாள். அதில் மண்ணை நிரப்பிச் சுமந்து மலையேறி, உயிரோடிருந்த ஒரு கொடியின் காலடியில் கொட்டினாள். திரும்பி இறங்கினாள். பாதி வழியில் தியெபோ எதிரே ஏறி வந்தான். அவன் முதுகிலும் ஒரு கூடை. இருவரும் ஒன்றும் பேசாமல் கடந்து போனார்கள்.

அப்படியே வருடங்கள் போயின. கோடையில் மழை மண்ணைக் கீழே கொண்டுபோகும். குளிர்காலத்தில், கொடி தூங்கும்போது, அவர்கள் அதை மேலே கொண்டுவருவார்கள். விளிம்பில் ஓக் விதைகளை நட்டுப் பார்த்தார்கள். நிற்க மண் இல்லாமல் காய்ந்தன. கொடி காய்த்தது, முன்னைவிடக் குறைவாக. ஒயின் முன்னைவிட நன்றாக இருந்தது என்று சமவெளிக்காரர்கள் சொன்னார்கள். கல்லின் வாசனை வருகிறது என்று சப்புக்கொட்டினார்கள். முன்பு ஒரு துண்டு துணி கொடுத்தவர்கள் இரண்டு துண்டு கொடுத்தார்கள். ஒதெத் அந்த ஒயினை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

அவள் புருஷனை விட்டுப் போகவில்லை. அவனுக்குச் சமைத்தாள், அவன் சட்டையைத் தைத்தாள். குளிர்ந்தால் நெருப்பு மூட்டினாள். ஆனால் நெருப்புக்கு எதிரே உட்கார மாட்டாள். உயிரோடிருப்பதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நன்றி அவள் தொண்டையைத் தாண்டி வரவே இல்லை.

அலிசோனுக்குப் பத்து வயதானபோது அவளுக்கும் ஒரு சின்னக் கூடை வந்தது. ஒரு நாள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது அவள் தன் அப்பாவைக் கேட்டாள்.

"ஏன்ப்பா இதை நாம சுமக்கணும்?"

தியெபோ மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். "உனக்குக் குளிரக் கூடாதுன்னுதான்" என்று முடித்தான்.

அலிசோன் யோசித்தாள். "அப்போ நான் செத்திருந்தா மண்ணு இங்கேயே இருந்திருக்குமா?"

அவன் தன் கூடையின் வாரைச் சரிசெய்தான். பின்னால் ஏறி வந்த ஒதெத் கேட்டுவிட்டாள்.

"நீ சாகவே வேண்டியிருந்திருக்காது. மூணு பட்டமரம் போதுமா இருந்திருக்கும்" என்றாள். "கூடையை எடு."

தியெபோவுக்கு அது அடியாக விழுந்தது. ஆனால் அது பொய்யில்லை.

இன்னும் பன்னிரண்டு குளிர்காலம் அவன் சுமந்தான். முதுகு வளைந்தது. முழங்கால் போனது. அலிசோன் வளர்ந்து பலசாலியாகியிருந்தாள். "நீங்க உட்காருங்கப்பா, நான் ரெண்டு நடை கூடப் போறேன்" என்றாள். அவன் கேட்கவில்லை. ஒரு நாள் காலை, முக்கால் சரிவு ஏறியபோது அவன் முகம் குப்புற விழுந்தான். கூடை கவிழ்ந்து மண் சிதறியது.

பின்னால் பத்தடியில் ஒதெத் வந்துகொண்டிருந்தாள். மேலே இருந்து அலிசோன் பார்த்தாள். அம்மா தன் கூடையை இறக்கி வைத்தாள். குனிந்தாள். முதலில் சிதறிய மண்ணைக் கையால் வழித்து வழித்து அவன் கூடைக்குள் போட்டாள். உருண்டு போன கட்டியையும் எட்டிப் பிடித்துப் போட்டாள். அதன் பிறகுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையைத் திருப்பி மடியில் வைத்தாள். அவன் கண் அவளைப் பார்த்தது.

"ஒதெத், இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கணும்" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

அவன் அவ்வளவில் போய்விட்டான்.

அலிசோன் ஓடி வந்தபோது அம்மாவின் கை அவன் தலைமுடியில் இருந்தது. முடியிலிருந்த மண்ணை அவள் ஒவ்வொரு துணுக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்காக எடுக்கிறாள், அவனுக்காகவா மண்ணுக்காகவா என்று அலிசோனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் முதலில் மண்ணை அள்ளியதை அவள் மறக்கவில்லை. அம்மாவை மன்னிக்கவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஒருவரை மன்னிக்காமல் போனது அது இரண்டாம் முறை.

"அப்பாவை மேலே, கொடிக்குப் பக்கத்துல புதைக்கலாம்" என்றாள் அலிசோன்.

"வேண்டாம். மேலே எதுவும் நிக்காது" என்றாள் ஒதெத். சமவெளியின் கரிய மண்ணில் குழி தோண்டினார்கள். மறுநாள் காலை ஒதெத் தன் கூடையோடு ஏறினாள். அதைக் கொட்டிவிட்டு இறங்கி, அவன் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

ஒதெத்துக்குப் பிறகு அலிசோன் சுமந்தாள். அவளுக்குப் பிறகு அந்தச் சரிவைப் பங்கிட்டுக்கொண்டு வேறு குடும்பங்கள் வந்தன. அவர்கள் யாருக்கும் காரணம் தெரியாது. முன்னால் இருந்தவர்கள் சுமந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

அந்த மழைக்குப் பின்தான் அந்த மலையில் மண் நிற்க மறந்து, மழைதோறும் இறங்குவதும், மனிதர்கள் குளிர்தோறும் அதைக் கூடையில் சுமந்து ஏற்றுவதும் வழக்கமாயிற்று. திராட்சைக்கொடி தன் சோற்றைக் கல்லுக்குள் தேடிப் போவதும், எவ்வளவு குனிந்து கேட்டாலும் மண் நமக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பதும் அன்றைக்குத் தொடங்கியவைதான்.